காலா மீனும் பேசிலின் கைப்பிடியும்

பிரிக்ஃபீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பில் வாழ்ந்த பேசில், ஈயம் தோண்டிய பள்ளங்களில் நீர் தேங்கி உண்டான அம்பாங் ஈயக்குட்டைகளில் விரால் பிடித்துப் பெயர் பெற்றவர். ஆயினும் கடல்மீனிடம் அவருடைய கைராசி பலிக்கவில்லை. சீமைக்குத் திரும்பிய தோட்டத்துரை ஒருவர் விட்டுச்சென்ற ரீல் பூட்டிய நீண்ட மூங்கில் தூண்டிற்கழி அவரிடம் வந்து சேர்ந்த நாள்முதல், போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்கு அப்பால் விரிந்துகிடந்த ஆழமற்ற மணல்திட்டே அவர் நினைவாயிற்று. புழுவும் வேண்டா, இறாலும் வேண்டா. சேவலிறகு கட்டிய தூண்டில்முள்ளைப் பட்டுநூலின் கனத்தால் வீசி, அத்திட்டில் மேய வரும் பெரிய காலா மீனை ஏமாற்றிப் பிடித்தல் வேண்டும் என்பதே அவர் ஆசை.

அவர் மனைவி கேத்தரினின் பொறுமைக்கோ ஓர் எல்லை இருந்தது. அவள் தம்பி கிரிகரி, அக்கழிக்கு மாற்றாகத் தன் தையல் இயந்திரத்தைத் தருவதாகக் கூறியிருந்தான்.

"இந்த ஞாயித்துக்கிழமையும் வெறுங்கையோட வந்தீங்கன்னா, கழி அவனுக்கு, மெஷின் எனக்கு" என்று அவள் தீர்த்துச் சொல்லிவிட்டாள். பேசிலும் வேறு வழியின்றி ஒப்புக்கொண்டார்.

அந்த ஞாயிறன்று முதற்பூசை முடிந்ததும் மூவரும் இரயிலேறிச் சென்று, வாடகைச் சம்பான் படகில் திட்டை அடைந்தனர். கடல் ஏறத் தொடங்கியிருந்தது. பேசில் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, திருக்கையை மிதித்துவிடாதபடி பாதங்களைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார்.

"மச்சான், சேவல மொட்டையடிச்சதுதான் மிச்சம்" என்று சம்பானிலிருந்து கிரிகரி கேலி செய்தான். "இறகக் காட்டுனா மீனு பறக்கக் கத்துக்குமா?"

"சத்தம் போடாத மச்சான், குராவ் ஓடிப்போயிடும்" என்று, காலாவை மலாய்க்காரர் அழைக்கும் பெயரால் சொல்லிப் பேசில் அடக்கினார்.

"இருந்தாதானே ஓடும் லா!"

சிரித்துக்கொண்டிருந்த கேத்தரின் திடீரென எழுந்து நின்றாள். "ஏங்க, எடது பக்கம்! ஏதோ தண்ணியக் கிழிச்சிக்கிட்டு வருது!"

பேசில் கழியை முன்னும் பின்னும் வீசினார். நூல் வளைந்து வளைந்து நீண்டது. இறகு, வரும் மீனின் முன்னே மெத்தென்று விழுந்தது. இடக்கையால் நூலைச் சிறிது சிறிதாக இழுத்தார். மூன்றாம் இழுப்பில் நூல் கனத்தது.

ஈயக்குட்டைகளின் அடியில் மரக்கட்டைகள் மூழ்கிக் கிடக்கும். ஒரு முழம் நூல் விட்டாலும் மீன் கட்டையைச் சுற்றி அதனை அறுத்துவிடும். ஆகவே, மீன் கடித்தவுடன் இறுகப் பிடிப்பதே அவர் பயின்ற பாடம். முந்தைய ஞாயிறுகளில் கவ்விய காலாக்களெல்லாம் நூலை அறுத்துக்கொண்டு போயின. ஏனென்று அவருக்கு விளங்கவில்லை. இன்றும் விரல்கள் தாமாகவே இறுகின. கழி வில்லாய் வளைந்தது. நூல் கிண்ணென்று விறைத்தது.

பேசில் எதிரே நோக்கினார். கண்ணுக்கெட்டிய வரையில் நீரும் மணலுமே தென்பட்டன. ஒரு கட்டையும் இல்லை, ஒரு வேரும் இல்லை. இது எங்கே போய் ஒளியப்போகிறது?

அவர் விரல்களை விரித்தார். ரீல் கிறீச்சிட்டுச் சுழன்றது.

"ஐயோ, மொத்த நூலும் போகுது! புடிங்க மச்சான், புடிங்க!" என்று கிரிகரி அலறினான்.

"ஓடட்டும்டா! எவ்வளவு தூரம்தான் ஓடும்!"

மீன் ஓடியபோது நூலை விட்டார், நின்றபோது சுற்றினார், முழங்கால் நீரில் அதன் பின்னாலேயே நடந்தார். நெடுநேரத்திற்குப் பின் காலா களைத்துச் சாய்ந்து, வெள்ளி விலாவைக் காட்டிற்று. கேலியெல்லாம் மறந்த கிரிகரி சட்டையோடு நீரில் குதித்து, தன் இடுப்பளவு நீளமிருந்த அம்மீனைக் குழந்தையைப்போல் மார்போடு அணைத்துத் தூக்கினான்.

"அக்கா, அப்ப மெஷினு?" என்று மூச்சு வாங்கக் கேட்டான்.

கேத்தரின் அவனைப் பார்க்கவில்லை. திட்டின் மறுபுறம் நீர் மீண்டும் பிளந்து வந்துகொண்டிருந்தது. அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சம்பானிலிருந்து இறங்கினாள்.

"அது உன் வீட்லயே இருக்கட்டும். ஏங்க, கழிய இப்படிக் குடுங்க. எப்படி வீசறதுன்னு சீக்கிரம் சொல்லுங்க, வந்துக்கிட்டிருக்கு!"

பேசில் மீனின் வாயிலிருந்து முள்ளைக் கழற்றி, நூலைச் சுற்றிக்கொண்டே அவளிடம் விரைந்தார்.