ஏழு மைக்

வாஷிங் மெஷின் வாங்குவதற்காக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தில் டிரம்ஸுக்கு மைக் வாங்கினோம். வாங்கினோம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வாங்கியவர் என் வீட்டுக்காரர். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அவர் டிரம்ஸ் வாசிக்கிறவர். ஒரு காலத்தில் வாரத்தில் பாதி நாள் பாட்டு ரெக்கார்டிங்குக்குப் போய்வருவார். பிறகு கம்ப்யூட்டரே டிரம்ஸ் வாசிக்க ஆரம்பித்தது. கூப்பிடுவது குறைந்து, ஒருநாள் நின்றே போனது. மிச்சமிருந்தது வெள்ளியும் சனியும் ஒரு ஹோட்டலில் வாசிக்கிற வேலை. அங்கே யாரும் காது கொடுப்பதில்லை, தட்டைத்தான் பார்ப்பார்கள். மறுபடி ஒரு பாட்டில், நாலு பேர் கேட்கிற பாட்டில், தான் வாசித்தது வர வேண்டும். அந்த மனிதருக்கு அதைத் தவிர வேறு ஆசையே கிடையாது. நல்ல சட்டை வாங்கிக் கொடுத்தால்கூட "வேர்த்துக் கொட்டும்" என்று மடித்து உள்ளே வைத்துவிடுவார்.

அப்போதுதான் கீபோர்டு அண்ணன் போன் செய்தார். இவரோடு ஒன்றாக வாசித்தவர்; இன்றைக்குப் பெரிய பாட்டுகளுக்கெல்லாம் இசை கோர்த்துக் கொடுக்கிற ஆள்.

"டேய், ஸ்டுடியோ போட்டு டிரம்ஸ் எடுக்கிற பட்ஜெட்லாம் இப்ப யார்கிட்டயும் இல்ல. வீட்லயே வாசிச்சு அனுப்புற மாதிரி ஒரு செட்டப் போட்டுக்கோ. முதல் சான்ஸ் உனக்குத்தான்."

அன்றைக்குச் சாப்பிடும்போது இவர் விரல்கள் மேஜையைத் தட்டிக்கொண்டே இருந்தன. அந்த முகத்தைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அதனால்தான் மெஷின் பணத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

என் தம்பி விழாக்களுக்கு மைக், ஸ்பீக்கர் போடுகிறவன். அவனைக் கூப்பிட்டோம். வந்தவன் ஒவ்வொரு அறையாகப் போய் கையைத் தட்டித் தட்டிக் கேட்டான். சமையலறையில் தட்டினான், குளியலறையில் தட்டினான்.

"பேய் ஓட்டுறியாடா?" என்று கேட்டேன்.

"எதிரொலி பாக்கறேன்க்கா. பெட்ரூம்தான் தேவலாம். மெத்தை, துணிமணியெல்லாம் சத்தத்தைக் குடிச்சுக்கும்."

ஆக எங்கள் கட்டில் ஹாலுக்குப் போனது. மெத்தை சுவரில் சாய்ந்தது. நாங்கள் தரைக்கு வந்தோம்.

"மாமா, இருக்கிற காசுக்கு ரெண்டே மைக்," என்றான் தம்பி. "தலைக்கு மேல ஒண்ணு, காலால மிதிக்கிற கிக் டிரம்முக்கு முன்னால ஒண்ணு. ரெண்டையும் நல்லதா வாங்குவோம். அதைக் கம்ப்யூட்டர்ல சேர்க்க ரெண்டு மைக் சொருகுற சின்னப் பெட்டி. அவ்வளவுதான். நீங்க வாசிக்கிறது ஒண்ணா, முழுசா விழும்."

இவர் தலையாட்டிவிட்டு, எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று கீபோர்டு அண்ணனுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டோம்.

"ரெண்டு மைக்கா? என்னடா, பஜனைக்கா எடுக்கப் போற? ஒவ்வொரு டிரம்முக்கும் தனி மைக் வேணும். தனித்தனியா வந்தாத்தானே நான் இங்க கூட்டிக் குறைக்க முடியும்?"

அவ்வளவுதான், தனித்தனி மைக்தான் வேண்டும் என்று இவர் ஒற்றைக் காலில் நின்றார். கடையில் ஏழு டிரம்ஸ் மைக்கை ஒரே பெட்டியில் அடுக்கி வைத்து, மலிவாக ஒரு செட் விற்றார்கள். தம்பி ஒவ்வொன்றாக எடுத்து வாயருகே வைத்துப் பேசிப் பார்த்தான். "கிக் மைக் ஒண்ணு தேறும் மாமா. மத்ததெல்லாம் பேருக்குத்தான். நம்ம ரூம்ல ஏழையும் வச்சா ஒண்ணோட ஒண்ணு சண்டை போடும்."

"சண்டையை நான் தீத்து வைக்கறேன் மச்சான். அண்ணன் கேட்டிருக்காரு."

எட்டு மைக் சொருகுகிற பெட்டி புதிதாக வாங்கக் கட்டுப்படியாகவில்லை. இழுத்து மூடிய ஸ்டுடியோ ஒன்றிலிருந்து பழையது கிடைத்தது. அதில் ஓர் ஓட்டை வேலை செய்யாது. "நமக்கு ஏழுதானே வேணும்!" என்று இவர் லாட்டரி அடித்தவர் மாதிரி சிரித்தார். மைக் ஸ்டாண்டுக்குப் பணம் மிஞ்சவில்லை. தரை துடைக்கும் குச்சியை நாற்காலியில் கட்டி, அதன் நுனியில் மைக்கைத் தொங்கவிட்டார். அன்றிலிருந்து நான் குனிந்து, கையால் தரை துடைத்தேன்.

குறை சொல்லக் கூடாது, மனிதர் சாதித்துவிட்டார். மைக்கை ஒரு விரல் தள்ளுவார், வாசிப்பார், கேட்பார், அரை விரல் இழுப்பார். முழங்காலுக்கு நடுவில் வைத்து அடிக்கிற ஸ்னேர் டிரம்மின் மேல் என் கைக்குட்டையை ஒட்டினார். முழு அகலத்துக்கு ஒட்டினால் சத்தம் செத்துவிடுகிறது என்று கால்வாசியாக வெட்டினார். கடைசியில் ஒரு பாட்டுக்கு வாசித்து ரெக்கார்ட் செய்ததைத் தம்பிக்குப் போட்டுக் காட்டினார். அவன் இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டான்.

"இந்த விலைக்கு இப்படி வராதே மாமா!"

அதை அண்ணனுக்கு அனுப்பினோம். உடனே போன்.

"சவுண்டு பிரமாதம்டா! ஒண்ணு பண்ணு. ஒவ்வொரு டிரம்மையும் தனியா ஒவ்வொரு அடியா அடிச்சு அனுப்பு. மெதுவா, கொஞ்சம் பலமா, ரொம்பப் பலமா. ஒவ்வொண்ணுக்கும் சத்தத்தோட லெவல் வச்சுக்கறேன். பாட்டு வந்ததும் கூப்பிடுறேன்."

எங்கள் வீட்டில் உண்மையான கூத்து அப்போதுதான் ஆரம்பித்தது. ஒரு அடி அடிப்பார். ரீங்காரம் முழுக்க அடங்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு அடுத்த அடி. மின்விசிறி ஓடக் கூடாது, ஃபிரிட்ஜ் ஓடக் கூடாது, குக்கர் விசில் அடிக்கக் கூடாது, நான் இருமக் கூடாது. கீழ்வீட்டு அம்மாள் படியேறி வந்தே விட்டார்.

"அவர் வாசிக்கும்போதுகூட பொறுத்துக்கிட்டேம்மா. இது என்ன, ஒண்ணு அடிச்சுட்டு நிறுத்திடறாரு? அடுத்தது எப்ப விழும்னு காத்திருந்தே எனக்குப் படபடப்பு வந்துடுச்சு."

கைக்கு ஒரு பாணி உண்டல்லவா, இவர் அதையும் விடவில்லை. வலது கையால் ஒரு முறை, இடது கையால் ஒரு முறை, ஓரத்தில், நடுவில் என்று, கேட்டதற்கு மேலேயே அடித்து அனுப்பினார். அண்ணனுக்கு வசதியாக இருக்கட்டுமாம்.

பிறகு அண்ணனிடமிருந்து பேச்சே இல்லை. நாங்களாகக் கூப்பிட்டால் "மீட்டிங்" என்று குறுஞ்செய்தி வரும். இவர் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு சாப்பிட்டார், பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தூங்கினார்.

ஒருநாள் தம்பி ஒரு பாட்டை அனுப்பினான். "மாமா வாசிச்சதா? ஊரே கேட்டுட்டிருக்கு. சொல்லவே இல்ல!"

போட்டுக் கேட்டோம். முதல் அடியிலேயே இவர் எழுந்து நின்றுவிட்டார். "என் ஸ்னேர்! அந்தக் கைக்குட்டைச் சத்தம் கேக்குதா?" என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் அவர் பிடி தளர்ந்தது.

"இது நான் இல்ல," என்றார்.

"உங்க ஸ்னேர்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"டிரம்ஸ் என்னுது. வாசிச்சது நான் இல்ல. நான் இப்படி வாசிக்கவே மாட்டேன். மூச்சே விடாம போகுது பாரு."

ஒவ்வொரு அடியாக அனுப்பியதைக் கம்ப்யூட்டரில் கோர்த்திருந்தார்கள். இவர் கூப்பிட்டதும் அன்றைக்கு என்னவோ போனை எடுத்தார் அண்ணன்.

"உன் சவுண்டுதான்டா இப்ப எல்லாப் பாட்டுலயும் போடுறேன். எல்லாரும் கேக்கறாங்க, எங்க புடிச்சீங்கன்னு!"

"அண்ணே, வாசிக்க எப்ப வரட்டும்?"

"உனக்கு எதுக்குடா இனிமே சிரமம்? நீதான் முழுசா என் கம்ப்யூட்டர்லயே இருக்கியே."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. உதவி செய்கிற குரலில் சொன்னார். அதுதான் என் வயிற்றெரிச்சல். திட்டுவதற்கு ஏதாவது கொடுத்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன். இவரானால் "சரிண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

"கேட்டிருக்க வேண்டியதுதானே? நாக்கைப் புடுங்கற மாதிரி நாலு வார்த்தை?" என்று கத்தினேன்.

"என்ன கேக்கறது? அனுப்பினது நான்தானே," என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஹோட்டலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, அங்கே பாடுகிற பையன் போனில் கூப்பிட்டான். நல்ல பையன். இவரை அண்ணே அண்ணே என்று சுற்றி வருகிறவன். தயங்கித் தயங்கித்தான் பேசினான்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. ஓனர் மேடையைச் சின்னதாக்கிட்டாரு, டேபிள் போடணுமாம். டிரம்ஸ் வைக்க இடமில்ல. டிரம்ஸ் சத்தம் போடுற ஒரு சின்ன மெஷின் வாங்கிட்டோம். கீபோர்டு அண்ணன் ஒவ்வொரு அடியையும் தொகுத்து டிரம்ஸ் பேக்னு விக்கறாரு இல்லையா, அதைத்தான் போட்டிருக்கோம். உங்க சவுண்டுண்ணே! நீங்க இருக்கிற மாதிரியே இருக்கும்."

இவர் கையிலிருந்த டிரம்ஸ் குச்சிகளை மேஜையில் வைத்தார்.

"ஒரே ஒரு உதவிண்ணே. எங்களுக்கு லெவல் சரியா வைக்க வரல. ஸ்னேர் ரொம்பக் குத்துது. நீங்க வந்து கொஞ்சம் வச்சுக் கொடுத்துட்டுப் போனீங்கன்னா..."

போகக் கூடாது என்று வாசலை மறித்து நின்றேன். என்னைத் தோளைப் பிடித்து மெல்ல விலக்கிவிட்டுப் போனார். குச்சியைக் கூட எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் திரும்பி வந்தபோது ஹோட்டலில் முதல் பாட்டுக்கூட முடிந்திருக்காது. செருப்பைக் கழற்றினார். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன்.

"நல்லா வச்சுக் கொடுத்துட்டேன்," என்றார். "இனி அவங்களுக்குப் பிரச்சினை இருக்காது."