இடையில் செருகிய நாள்

அட்டவணையின் கட்டங்களுக்குத் தாடி வளரும். எழுதியதை மாற்றினால் கட்டம் மழித்த முகத்துடன் நிற்கும். மறுநாளே மீண்டும் வளரத் தொடங்கும். ஒரு கட்டம் கடைசியாக எப்போது மாறியது என்று அறிய, மங்களவல்லி திருமண மண்டபத்தில் கணினித் திரைக்குள் கைவிட்டுத் தாடியைத் தடவிப் பார்த்தாலே போதும். கட்டங்களைத் தானாகவே மாற்றிவிடும் மேக்ரோ நிரல்களை உள்ளே விடுவதில்லை. முன்பொன்றை விட்டார்கள், அது ஒரே மூச்சில் அத்தனை முகங்களையும் மழித்துவிட்டு, தாம்பூலப் பையும் வாங்கிக்கொண்டு போய்விட்டது.

முன்பதிவைக் கவனித்துவந்த நப்பின்னை, தன் கல்யாணத்துக்குத் தை பன்னிரண்டை ஆவணியிலேயே பதிந்திருந்தாள். பத்திரிகை ஊரெல்லாம் போய்விட்டது. முகூர்த்தம் நெருங்கிய வாரத்தில் பார்த்தால், அந்தக் கட்டத்தில் கவுன்சிலர் மகளின் பெயர் இருந்தது. நெஞ்சுவரை தாடியும் இருந்தது.

"பாரும்மா, எவ்வளவு நீளம்! சித்திரையிலேயே பதிஞ்சது," என்றார் மேலாளர் சிங்காரம். கவுன்சிலர் உட்காரும் நாற்காலியைத் தன் சட்டையால் துடைக்கும் மனிதர்.

"மீசை எங்க சார்?"

"சிலதுக்கு மீசை வராது. என் மச்சானுக்கே வரல."

"உங்க மச்சானுக்கு யாரும் தாடியைப் பசை போட்டு ஒட்டலையே."

நப்பின்னை இழுத்தாள். தாடி கையோடு வந்தது. அடியில் மழமழவென்ற முகவாய். பிளேடு கீறிய இடத்தில் காகிதத் துணுக்கு.

"சரி, உன் பேரையே போட்டுக்க," என்றார் சிங்காரம். அவருக்கு வெட்கம் என்ற உறுப்பு பிறவியிலேயே இல்லை.

அவள் விசைப்பலகையில் வைத்த விரலை எடுத்துக்கொண்டாள். மாற்றினால் கட்டம் இன்று மழித்ததாகிவிடும். முகூர்த்தத்தன்று ஒரு சாண் தாடி இல்லாத கட்டத்துக்கு மண்டபச் சாவி கிடையாது என்பது விதி. ஒரு சாண் வளர நாளில்லை. இந்த முகூர்த்தத்தை விட்டால் மாப்பிள்ளை அடுத்த வாரம் கப்பலேறிவிடுவார். திரும்ப இரண்டு வருடம்.

மழித்ததை வளர்க்க முடியாது. ஆனால் இடையில் ஒரு வரிசையைச் செருகலாம். செருகிய வரிசை மேல்வரிசையின் சாயலோடுதான் பிறக்கும். தை பதினொன்றின் கட்டம் நெடுநாளாக யாரும் தொடாதது. இடுப்புவரை நரைத்த தாடி. வெற்றிடத்தில் முதன்முதலாக எழுதுவதும் மாற்றம் ஆகாது.

நப்பின்னை செருகினாள். பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே ஒரு நாள் விழுந்தது, வெண்தாடியோடு. தன் பெயரை எழுதினாள். ஒரு மயிரும் உதிரவில்லை.

"இது என்ன கிழமைம்மா?"

"கிழமை இல்ல சார். சாவியைக் குடுங்க."

சாஸ்திரிகள் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்து, அந்த நாளுக்கு ராகுகாலமே இல்லை என்று மகிழ்ந்தார். பால் வந்தது, பூ வந்தது, நாதஸ்வரக்காரர்கள் வந்தார்கள். சூரியன் மட்டும் வரவில்லை. அதற்கு யாரும் தகவல் சொல்லியிருக்கவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிக்கொண்டு கிழக்கே ஏறி, மேற்கு நோக்கி மெல்ல நடந்தார். அவர் தென்னை உயரத்துக்கு வந்தபோது தாலி ஏறியது. உச்சிக்கு வந்தபோது இரண்டு ஏணிகளைச் சேர்த்துக் கட்டி மோர் கொடுத்தார்கள்.

"வேகமா நடந்துடாதீங்க மாமா! இன்னும் கடைசிப் பந்தி இருக்கு," என்று கீழிருந்து கத்தினான் பரிமாறிக்கொண்டிருந்த ஒருவன்.

அவர் தலையாட்டினார். ஊரிலிருந்த நிழல்கள் எல்லாம் ஒருமுறை ஆடி நின்றன.