மூன்றாவது வளைவிலிருந்து

புகழ்க்கூடத்தின் செயலாளர் ஒரு தாளோடு பட்டறைக்கு வந்தார். டூரிங் கார் பந்தயத்தில் பேர் எடுத்தவர்களின் படங்களை மாட்டும் கூடம் அது. இந்த வருடம் சுவரில் ஓர் இடம்தான் இருந்தது. அது பழைய ஓட்டுநருக்கு என்று முடிவாகிவிட்டது. அவருடைய மெக்கானிக்கின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. மெக்கானிக் வேறு யாருமில்லை, ஓட்டுநருடைய பெண்டாட்டியின் தம்பி.

அந்தப் பந்தயத்தில் ஜெயித்தவர் நிம்மதியாக இருக்க முடியாது. அடுத்த தடவை அறுபது கிலோ ஈயக்கட்டிகளைக் காருக்குள் சுமக்க வேண்டும். தோற்றால் இறக்கிவிடலாம். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஓட்டுநர் அந்தப் பாரத்தோடு ஓடி ஒன்றில் தோற்றுவிட்டு, பாரம் தேவையில்லாமல் கடைசிப் பந்தயத்துக்கு வந்தார். ஜெயித்தார். காரை எடை மேடையில் ஏற்றினால் அறுபது கிலோவும் அப்படியே உள்ளே இருந்தது. அதிகம் இருப்பது குற்றமில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், தானே வைக்கச் சொன்னதாக ஓட்டுநர் சொல்லிவிட்டார். வேண்டுமென்றே பாரம் சுமந்து ஜெயித்தவர் என்று அன்றிலிருந்து பேர். மெக்கானிக்கும் அவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

தாளில் ஒரே வரி: ‘எடை ஓட்டுநரின் விருப்பப்படியே வைக்கப்பட்டது.’

மெக்கானிக் கையைத் துடைத்தார். பேனாவைத் துடைத்தார். மறுபடியும் கையைத் துடைத்தார். சாப்பாடு கொண்டுவந்த அக்கா, கையெழுத்துப் போடத் தெரியாதவனையா இத்தனை வருடம் வைத்திருந்தீர்கள் என்று அங்கே உட்கார்ந்திருந்த புருஷனைக் கேட்டாள்.

“நான் போட மாட்டேன்,” என்றார் மெக்கானிக். “கழட்ட மறந்துட்டேன். கியர்பாக்ஸ் மாத்துற அவசரம். அத்தான் என்னைக் காப்பாத்தப் பொய் சொன்னாரு.”

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். அப்படியானால் வரிசையில் அடுத்தவர் ஒருவர் இருக்கிறார், போன வருடமே விழாவுக்குக் கோட்டு தைத்து வைத்திருக்கிறார் என்றார்.

ஓட்டுநர் சாப்பாட்டுப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“மூணாவது வளைவுலயே எனக்குத் தெரியும்டா. பக்கத்துல யாரோ உக்காந்திருக்கிற மாதிரி வண்டி இழுத்துச்சு.”

“ஓட்டத்தை நிறுத்தி உள்ள வந்திருந்தா ரெண்டு நிமிஷத்துல எடுத்திருப்பேனே அத்தான்.”

“டீம் முதலாளி பார்த்திருப்பாரு. அன்னைக்கே உன்னை வேலையை விட்டுத் தூக்கியிருப்பாரு. அப்புறம் நீ எங்க வருவ? எங்க வீட்டுக்குத்தான். அறுபது கிலோவே தேவலைன்னு ஓட்டிட்டேன்.”

தம்பி அப்போது எழுபது கிலோ இருந்தான் என்று அக்கா சொன்னாள்.

தெரிந்தே சுமந்தால் அது விருப்பம்தானே என்று செயலாளர் பேனாவை மறுபடி நீட்டினார். மெக்கானிக் மசியவில்லை. முதல் இரண்டு வளைவு தன்னுடைய தப்பு, அதை யாருக்கும் விட்டுத்தர முடியாது என்றார். வரியைத் திருத்திய பிறகுதான் கையெழுத்து விழுந்தது.

இப்போது ஓட்டுநரின் படத்துக்குக் கீழே பித்தளைத் தகட்டில் இருக்கிறது: ‘முதல் இரண்டு வளைவுகளில் எடை மெக்கானிக்கின் மறதியால், மூன்றாவது வளைவிலிருந்து ஓட்டுநரின் விருப்பப்படி.’

அந்த ஈயக்கட்டிகளையும் அதே சுவரில் வைத்தார்கள். பூட்டியது மெக்கானிக்தான். விழாவன்று முன்வரிசையில் உட்கார்ந்ததும் ஓட்டுநர் குனிந்து கேட்டார்.

“போல்ட்டெல்லாம் முறுக்கிட்டியா?”

“முறுக்கிட்டேன் அத்தான்.”

“போய் இன்னொரு தடவை பாரு.”

போய்ப் பார்த்தார். பார்த்தது நல்லதாகப் போயிற்று.