விஷம் கலக்காத வாசனை

ரேகாவின் புருஷன் வேணு செத்தது நாகபூஷணத்தின் மாந்தோப்பு வேலியில். காட்டுப்பன்றிக்காகக் கம்பியில் கரண்டு விட்டிருந்தவர், பக்கத்துத் தோப்புக்காரனான வேணுவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விடியலில் மோட்டார் போடப் போன வேணு கம்பியை மிதித்துவிட்டான். விதி என்று ஊரில் பேசி முடித்தார்கள். காரியத்துக்கு வந்த நாகபூஷணம், அவன் பார்த்துப் போயிருக்கலாம் என்றார். ரேகாவுக்கு அதுதான் செரிக்கவில்லை.

அடுத்த மாங்காய்ப் பருவத்தில் புத்தூரில் விவசாயக் கூட்டம் ஒன்று நடந்தது. ரேகாவும் போயிருந்தாள். விஷத்தோடு கலந்து வைத்துப் பழ ஈயைப் பிடிக்கிற வாசனை மருந்தைப் பற்றிச் சொன்னார்கள். அது ஆண் ஈயை மட்டும்தான் இழுக்குமாம். காயைக் குத்தி முட்டை வைக்கிற பெட்டை ஈ அதைச் சட்டை பண்ணாதாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். நமக்கு வெறும் நெடி. ஆண் ஈக்கு மட்டும் 'வா' என்கிற அழைப்பு. அப்படியானால் சேதி மருந்தில் இல்லை, அதை வாங்கிக்கொள்கிற உடம்பில் இருக்கிறது. ஈக்கூட்டத்தைப் பார்த்தால் நாகபூஷணத்துக்கு என்ன சேதி போகும் என்று யோசித்தாள்.

கார்வேட்டிநகரத்தில் ஒரு கல்யாணத்துக்கு அவர் போயிருந்த பகலில், விஷம் கலக்காத வாசனையைப் பஞ்சில் நனைத்து, அவருடைய மரங்களின் உள்கிளைகளில் கட்டிவிட்டு வந்தாள்.

மறுநாளே தோப்பில் ஈ மொய்த்தது. நாகபூஷணம் பதறிப்போய் வேலியோரம் வந்தார்.

"உன் தோப்புலயும் இப்படித்தான் மொய்ச்சிக்கினு இருக்குதா, ரேகா?"

"இல்லண்ணா."

கூட்டத்தில் கேட்டது நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

அவர் கடையில் இருந்ததிலேயே கடுமையான மருந்தை வாங்கி, காய் அறுக்கிற சமயத்தில் அடித்தார். செத்த ஈக்குப் பதில் வேறு ஈ வந்தது. மறுபடியும் அடித்தார். மாங்கூழ் எடுக்கிற ஃபேக்டரியில் காயைச் சோதித்துப் பார்த்து, விஷம் இருக்கிறது என்று லாரிகளைத் திருப்பி அனுப்பினார்கள். வேறு யாரும் தொடவில்லை. அத்தனை காயும் ரோட்டோரம் கொட்டி அழுகிப்போனது.

கிளை கழிக்கும்போது நாகபூஷணத்தின் கண்ணில் பஞ்சு பட்டிருக்கிறது. அதைக் கையில் பிடித்தபடி அவள் வாசலில் வந்து நின்றார்.

"நீதானா?"

அதுவரை அண்ணா என்று கூப்பிட்டவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான்தான். வந்ததெல்லாம் ஆம்பள ஈ. உன் காயில ஒண்ணக்கூடக் கெடுக்கல. வெசத்த அடிச்சது நீ."

"தெரிஞ்சிக்கினே சொல்லாம இருந்துட்டியே."

"வேணுகிட்ட நீ சொன்னியா?"

அவர் பஞ்சைக் கீழே போட்டுவிட்டுப் போனார். பஞ்சாயத்துக்கும் போகவில்லை, போனால் கம்பி விஷயமும் கிளம்பும்.

ஒரு வருஷக் காய்ப்பு ஒரு மனுஷனுக்கு ஈடாகாது என்று ரேகாவுக்குத் தெரியும். ஆனாலும் வேணு போனபிறகு அன்றைக்குத்தான் சோறு தொண்டையில் இறங்கியது.

நாகபூஷணம் தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, சூளூர்பேட்டையில் இருக்கிற மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்தார். குத்தகைக்கு வந்த குணாவுக்கு, ஈயைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் ரேகா தானே போய்ச் சொன்னாள். நாகபூஷணம் ஊருக்கு வந்தால் மட்டும் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.