நடுப்பாயில் விழுந்த சீட்டு

சீட்டாட்டத்துல எனக்கு ஆகாத ஆளுங்க ரெண்டு வகை. தன் முறை வர்றதுக்கு முன்னாடியே கையை நீட்டுறவன் ஒருத்தன். தோத்து ஒதுங்கின பிறகும் அடுத்தவன் ஆட்டத்துல வாய் வைக்கிறவன் இன்னொருத்தன். இதையெல்லாம் கண்டிக்கிறதால என்னை 'ஜட்ஜ் அண்ணாதுரை'ன்னு கிண்டல் பண்ணுவானுங்க. பண்ணட்டுமே.

2005, சிவராத்திரிக்கு முந்தின வாரம். ஓசூர்ல நாங்க வேலை பார்த்த பார்ட்ஸ் கம்பெனியில, எங்க லைன்ல மூணு பேர் லீவு கேட்டிருந்தோம். "ஒருத்தருக்குத்தான் தர முடியும், யாருன்னு நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க"ன்னு சூப்பர்வைசர் நல்லுசாமி கையை விரிச்சுட்டாரு. சுபாஷுக்கு சும்மா ஊருக்குப் போகணும். பக்கத்துல தளி ஊர்க்காரன் கரியப்பனுக்கு வயல்ல சாமந்தி பூத்து நிக்குது. சிவராத்திரிக்கு நல்ல விலை, பறிக்க ஆள் போதல. எனக்கு விருதுநகர் பக்கம் குலசாமி கோயில்ல தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியிலதான் பிள்ளையை உட்கார வைக்கணும். போன வருஷமே எனக்கு லீவு கிடைக்காமத்தான் தள்ளி வெச்சாங்க.

பேசிப் பேசிப் பார்த்தோம், தீரல. "மூணு சீட்டு போட்டுப் பார்த்துருவோம்"னு சொன்னது நான்தான். ஆளுக்குப் பத்து கேன்டீன் டோக்கன். எல்லாத்தையும் எவன் ஜெயிக்கிறானோ அவனுக்கு லீவு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் என் ரூம்ல பாயை விரிச்சோம். உட்காரும்போதே சொல்லிட்டேன்: டோக்கனை விசிறி எறியக் கூடாது, அடுக்கி வைக்கணும். வாயால சொன்ன பந்தயம் சொன்னதுதான். சீட்டைக் கவுத்து நடுவுல போட்டுட்டா அது செத்த சீட்டு, திரும்ப எடுக்கக் கூடாது.

சுபாஷ் ஒரு மணி நேரத்துல காலி. ரெண்டு டோக்கனை வெச்சுட்டு என் மூஞ்சியப் பார்ப்பான், அப்புறம் இன்னும் ரெண்டு வைக்கப் போவான். "ஏலே, கையை எடு! வைக்கிறதை ஒரே தடவையா வை"ன்னு ரெண்டு தடவை கத்தினேன்.

கடைசியில நானும் கரியப்பனும். ஆளுக்குப் பதினஞ்சு டோக்கன். சீட்டைப் பிரிச்சுப் பார்க்குறேன், மூணும் ஜாக்கி! மூஞ்சிய உர்ருன்னு வெச்சுக்கிட்டேன், அது எனக்குக் கஷ்டமே இல்ல. கையில இருந்ததை மொத்தமா அடுக்கி முன்னால தள்ளினேன்.

கரியப்பன் ரொம்ப நேரம் தலையைச் சொறிஞ்சான். அப்புறம் தன் சீட்டைக் கவுத்து முழங்கால் ஓரமா வெச்சான். அடப்பாவி, பயந்து ஒதுங்கிட்டானேன்னு எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. இப்படி ஒரு சீட்டு வந்தும் வீணாப் போச்சே! "போடா, நீயும் உன் ஆட்டமும்!"னு என் சீட்டைக் கவுத்து நடுப்பாயில வீசினேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். ரெண்டு கையிலயும் டோக்கன். "நான் எங்கண்ணே ஒதுங்கினேன்? உங்களுக்கு ஈடா வைக்கப் பதினஞ்சும் இருக்கான்னு எண்ணத்தான் சீட்டைக் கீழ வெச்சேன்"னான்.

சுபாஷ் பாய்ஞ்சு என் சீட்டைத் திருப்பினான். மூணு ஜாக்கியையும் பார்த்துட்டு ஐயையோன்னு தலையில கை வெச்சான். கரியப்பன் தன்னோடதையும் காட்டினான், ரெண்டு ஒன்பது, வெறும் ஒரு ஜோடி. "நீங்கதாண்ணே ஜெயிச்சீங்க. லீவை நீங்களே எடுத்துக்கங்க. பூவை எப்படியாவது பார்த்துக்குறேன்"னான்.

என் மேலயே எனக்கு ஆத்திரம். அதை அவன்கிட்ட காட்டினேன். "செத்த சீட்டு செத்ததுதான். உன் பிச்சை எனக்கு வேண்டாம்." அவன் முகம் சுண்டிப் போச்சு. மறுநாள் காலையில லீவு ஃபாரத்தை அவனே எழுதிக் குடுத்துட்டுத் தளி பஸ் ஏறிட்டான்.

அன்னிக்கு மத்தியானம் தங்கச்சி சத்யப்ரியாவுக்குப் போன் போட்டேன். எடுத்ததுமே, "எந்த பஸ்ணே? பாப்பா மாமா மாமான்னு ஒரே பாட்டு"ன்னா. பொய் சொல்ல வாய் வரல, நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"என் பிள்ளை காதுகுத்தை வெச்சா சீட்டாடினே?"ன்னா.

"அப்படி இல்லம்மா. அவன் லீவைத் தரேன்னுதான் சொன்னான். ரூல்னா ரூல்தானேன்னு நான்தான் வேண்டாம்னு..."

"சரிண்ணே. அப்ப அந்த ரூலையே பஸ் ஏத்தி அனுப்பு. அது மடியில உட்கார வெச்சுக் குத்திக்கிறோம்."

வெச்சுட்டா. மறுபடியும் கூப்பிட்டுப் பார்த்தேன். எடுக்கல.