பழைய கதவில் செய்த பெட்டி

என் கணவருக்கு லிஃப்ட் ரிப்பேர் செய்யும் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் தச்சராகிவிடுவார். இடித்த வீடுகளிலிருந்து ஜன்னல் சட்டம், படிக்கட்டுப் பலகை என்று எதையாவது தூக்கிக்கொண்டு வருவார். நான் போடும் கூச்சல் அவர் காதில் ஏறவே ஏறாது.

போன மாதம் போர்வை வைக்க ஒரு பெட்டி செய்தார். பழைய வாசற்கதவை அறுத்து மூடியாக்கியவருக்கு, அதிலிருந்த பித்தளைப் பூட்டைக் கழற்ற மனம் வரவில்லை. அழகாம். மூடினால் அது போய் விழும் கொண்டியையும், ஜோடியைப் பிரிக்கக் கூடாதென்று பெட்டியிலேயே அடித்தார். சாவி கிடையாது. "உள்ளே துருப்பிடிச்சு செத்துப்போன பூட்டு, என்ன பண்ணிடும்?" என்றார். பளபளப்புக்காகத் தினமும் எண்ணெய் போட்டுத் துடைத்தார். இன்னொரு பெருமை, வெளியே ஒரு ஸ்க்ரூ தலைகூடத் தெரியாது. எல்லாம் உள்பக்கம்.

போன ஞாயிறு அப்பாவும் மகளும் கண்ணாமூச்சி விளையாடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வாலுக்கு ஐந்து வயது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பெட்டிக்குள் ஒரு சிரிப்பு, அப்புறம் 'டக்'. செத்த பூட்டு எண்ணெய் குடித்துப் பிழைத்துவிட்டது.

அவர் மூடியை இழுத்தார். அசையவில்லை. உளியை நுழைக்க இடுக்கு இல்லை. அவ்வளவு கச்சிதமாகப் பொருத்தியிருந்தார். உள்ளே ஒரு விசும்பல் கேட்டது, பிறகு அதுவும் நின்றது.

"ஏய், வாயைத் தொறந்து பேசுடி!" என்று பெட்டியை அறைந்தேன். பதிலே இல்லை.

அவர் டிரில் மெஷினை எடுத்து வந்தார். முதலில் காற்றுக்கு ஒரு ஓட்டை. முனையை மூடியின் இடது கோடியில் வைத்தார்.

"கால் இந்தப் பக்கம்தான் இருக்கும்."

"இருக்கும்னா? தெரியாமயா வச்சிருக்கீங்க?"

"வேற என்ன பண்ணச் சொல்றே? மூச்சு முட்டிடும்." அவர் முனையை அழுத்திப் பிடித்தார். "நீ கத்தாதே. நீ கத்துறதாலதான் அது பேசலையோ என்னவோ."

முந்தின நாள்தான் சொல்லியிருந்தேன், அந்தப் பெட்டிக்குள் ஏறினால் தோலை உரித்துவிடுவேன் என்று. இப்போது அவள் மயங்கிக் கிடக்கிறாளா, என்னை நினைத்து வாயைப் பொத்திக்கொண்டு கிடக்கிறாளா? பெட்டியோடு முகத்தை வைத்தேன். எனக்கே பழக்கமில்லாத குரலில் சொன்னேன்.

"கண்ணு, அம்மா தோத்துட்டேன். நீதான் ஜெயிச்சே. எங்கே இருக்கேன்னு சொல்லு பார்ப்போம்."

அவர் விரல் பொத்தான்மேல் இருந்தது.

"நெஜமா? அடிக்க மாட்டியே?"

சின்னக் குரல். டிரில் முனைக்கு நேர் கீழிருந்து வந்தது.

அவர் அதைத் தூக்கி எறிந்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, அவளை அந்தக் கோடியிலேயே சுருண்டிருக்கச் சொல்லி, மறுகோடியில் ஓட்டை போட்டார். பூட்டைச் சுற்றிலும் மூடியைத் துளைத்து உடைத்தார். மூடி திறந்தது.

போர்வைக்குள்ளிருந்து வேர்த்து ஒழுகிக்கொண்டு எழுந்தாள். நான் இரண்டு கையையும் நீட்டினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு இறங்கி, ஓடிப்போய் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.