வீரம்மாளின் மண்டைப்பூ

பூ என்றால் மணக்க வேண்டும், இல்லாவிட்டால் தலையிலாவது நிற்க வேண்டும் என்று நினைக்கிற ஊர் திருச்சி. பாலக்கரையில் தன் வீட்டுக் கொல்லையில் வீரம்மாள் வளர்த்த பூவுக்கு இரண்டும் வராது. ஊதா இதழ்கள் கீழே தொங்கும். நடுவில் கூம்பாக ஒரு முள்ளு மண்டை துருத்திக்கொண்டு நிற்கும். அதற்கு அவள் வைத்த பெயர் மண்டைப்பூ. இந்த இடத்தில் நாலு கத்திரி வைத்தால் குழம்புக்காவது ஆகுமே என்று தெருவில் சொல்லாதவர் இல்லை. அவள் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. அந்த ஊதா நிறம் அவளுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

கண்டோன்மெண்டில் நாலு பங்களாக்களில் வாசல் பெருக்குவது அவள் பிழைப்பு. அதில் ஒன்று இன்ஜினீயர் வீடு. அந்த வீட்டம்மா, வெளிநாட்டிலிருந்து அண்ணன் தபாலில் அனுப்பிய விதையைப் போட்டு இந்தச் செடியை வளர்த்தாள். வருகிறவர்களுக்கெல்லாம் கோன் ஃபிளவர் என்று பெருமையாகக் காட்டுவாள். பூ காய்ந்ததும் தோட்டக்காரர் சின்னையா மண்டையை வெட்டிக் குப்பையில் எறிவார். குப்பைக்கு வந்தது பெருக்குகிறவளுக்கு என்பது எல்லாப் பங்களாக்களிலும் வழக்கம். ஐம்பத்தாறாம் வருஷம் அப்படி வந்த ஒரு மண்டைதான் வீரம்மாள் முந்தானையில் முடிந்துகொண்டு போனது.

முதலில் போட்ட விதை ஒன்றுகூட முளைக்கவில்லை. மிச்சத்தை ஈரத்துணியில் கட்டி, தண்ணீர்ப் பானைக்கு அடியில் இருந்த மணலில் பதினைந்து நாள் குளிர வைத்துப் போட்டாள். மூன்று முளைத்தன. அடியில் ஆணியால் ஓட்டை போட்ட மூன்று மண்ணெண்ணெய் டின்களில் மண்ணில் பாதிக்குப் பாதி காவேரி மணல் கலந்து நட்டு, காலை வெயில் மட்டும் படுகிற சுவரோரம் வைத்தாள். விரலை உள்ளே விட்டுப் பார்த்து, மண் காய்ந்திருந்தால்தான் தண்ணீர். சின்னையாவோ வாழைக்கு ஊற்றுகிற மாதிரி காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றினார். ஊற்றாவிட்டால் வேலை செய்யவில்லை என்று அம்மா நினைப்பாளாம். வேர் அழுகிவிடும் என்று வீரம்மாள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பெருக்குகிறவள் தோட்டத்தில் மூக்கை நுழைக்க வேண்டாம் என்று பதில் வந்தது.

ஐம்பத்தெட்டில் அவளுடைய மூன்று டின்களிலும் பூப் பூத்த மாதத்தில், பங்களாச் செடிகள் அழுகிச் சாய்ந்தன. அம்மா ஊரில் இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை சின்னையா எல்லாவற்றையும் பிடுங்கிக் கொல்லைக் குழியில் போட்டு மூடினார். அவள் திரும்பி வந்ததும், செடி திருட்டுப் போய்விட்டது என்றார். அதோடு விட்டாரா? அதே பூ வீரம்மாள் வீட்டில் நிற்கிறது என்று ஒரு வார்த்தையும் போட்டு வைத்தார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பாலக்கரைத் தெருவுக்குள் ஜீப் வந்தது. சின்னையாவோடு வந்த அம்மா இறங்கும்போதே குரலை உயர்த்தினாள். வேலைக்கு வைத்த வீட்டிலேயே கை வைத்தவள், திருடி என்றாள். செடியைக் கொடுத்துவிட்டால் போலீசுக்குப் போக மாட்டேன் என்றாள். வாசலுக்கு வாசல் ஜனம் கூடிவிட்டது. நாலு பங்களாவிலும் சாவி வைக்கும் இடம்கூட வீரம்மாளுக்குத் தெரியும். திருடி என்ற பேச்சு கண்டோன்மெண்டுக்குப் போனால் நாலு கதவும் நாளைக்கே அடைபடும்.

அவள் புருஷன் பிச்சமுத்து அவள் காதோரம் குனிந்தான். "குடுத்துடு புள்ள. மூணு செடிதானே, போவட்டும்."

"குடுத்தா நான் திருடுனேன்னு ஆயிடும்" என்றாள் வீரம்மாள்.

அம்மாவையும் சின்னையாவையும் கொல்லைக்குக் கூட்டிப்போனாள். தெருவும் பின்னாலேயே வந்தது. நன்றாகப் பூத்திருந்த டின்னைக் காட்டி, அதைத் தூக்கச் சொன்னாள். சின்னையா இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. வீரம்மாள் அவரை விலக்கிவிட்டு, டின்னைக் கட்டிப்பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே வாங்காக வாங்கினாள். படபடவென்று வேர் அறுந்தது. ஆணி ஓட்டைகள் வழியாகச் சணல் கயிறு பருமனில் இறங்கி, தரைக்குள் ஓடியிருந்த வேர்கள். இரண்டு வருஷம் பிள்ளையைப் போலப் பார்த்த செடி கைக்குள்ளேயே துவண்டது. அவள் அழவில்லை.

"வெள்ளிக்கிழமை திருடிக்கிட்டு வந்த செடி, நாலு நாள்ல தரைக்குள்ள இவ்வளவு போயிருக்குமா? நீங்களே சொல்லுங்க, சின்னையாண்ணே."

சின்னையா வேரைப் பார்த்தார். தோட்ட வேலை தெரிந்தவர். அந்த வேரை வைத்துக்கொண்டு பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. போகாது என்று ஒப்புக்கொண்டார். அழுகிய செடிகளைப் புதைத்த குழியையும் சொன்னார்.

அம்மாவின் முகம் கறுத்தது. சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, வீரம்மாளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வந்துவிடு என்றாள். பிச்சமுத்துவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கையெடுத்துக் கும்பிட்டேவிட்டான். வீரம்மாள் அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"வேலை கெடக்கட்டும்மா. திருடின்னு தெருவுக்கே கேக்கச் சொன்னீங்க. இல்லைன்னும் தெருவுக்கே கேக்கச் சொல்லிட்டுப் போங்க."

 அம்மா ஜீப் நிற்கிற பக்கம் பார்த்தாள். வழியில் அத்தனை பேரும் நின்றார்கள், யாரும் விலகவில்லை.

"வீரம்மா திருடல" என்றாள்.

"வாசல்ல நிக்கிறவங்களுக்குக் கேக்கலையாம்" என்றாள் வீரம்மாள், அறுந்த செடியை இடுப்பில் வைத்துக்கொண்டு. அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னொரு முறை உரக்கச் சொன்னாள்.